இது ஐடி ரெய்டு இல்லை: காவல் நிலைய கேமரா காட்சிகளைக் காப்பாற்ற ‘ரெய்டு’ மட்டும் போதுமா?

ரெய்டு என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது வருமான வரித் துறையும் அமலாக்கத் துறையும்தான். கம்ப்யூட்டர் உலகில் அதே பெயரில் வேறொரு சங்கதி இருக்கிறது. நாலைந்து ஹார்டு டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி, அதில் ஒன்று செத்துப்போனாலும் தரவு போகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. சர்வர் அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்த இந்த விஷயம், இப்போது காவல் நிலையம் வரை வந்துவிட்டது.

காரணம், உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் பிறப்பித்த உத்தரவு. நாட்டில் உள்ள ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கண்காணிப்பு கேமரா வேண்டும், காட்சியோடு ஒலியும் பதிவாக வேண்டும், பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்று நீதிபதிகள் ஆர்.எஃப்.நாரிமன், கே.எம்.ஜோசப், அனிருத்தா போஸ் அமர்வு சொன்னது. சந்தையில் அவ்வளவு கொள்ளளவுள்ள கருவி கிடைக்கவில்லை என்றால் கிடைப்பதில் பெரியதை வாங்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. ரெய்டு நடத்தும் அமலாக்கத் துறை, சிபிஐ, என்ஐஏ அலுவலகங்களுக்கும் இதே விதிதான்.

ஐந்து ஆண்டுகள் ஓடியும் விஷயம் முடியவில்லை. ராஜஸ்தான் காவல் மரணங்கள் பற்றிய நாளிதழ்ச் செய்தி ஒன்றை வைத்து 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இந்தப் பிரச்சினையை மறுபடியும் கையில் எடுத்தது. கேமரா இருக்கிறதா என்ற கேள்விக்கு அடுத்து வருவது, கேமரா பதிந்தது பத்திரமாக இருக்கிறதா என்ற கேள்வி. அதற்குப் பதில் டிஸ்க்கில் இருக்கிறது. அந்த டிஸ்க்கை எப்படி செட் பண்ணியிருக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது.

சாத்தான்குளத்தில் டிஸ்க் கெட்டுப்போகவில்லை

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடம் அல்ல. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் 2020 ஜூன் மாதம் தந்தையும் மகனுமான இரண்டு வணிகர்கள் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு, பின்னர் உயிரிழந்தனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவுப்படி கோவில்பட்டி நீதித்துறை நடுவர் நேரில் போய் விசாரித்தார். அவர் கொடுத்த அறிக்கையில் இருந்த ஒரு தகவல் பலரையும் அதிர வைத்தது. காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. 1 டெராபைட் ஹார்டு டிஸ்க்கும் இருந்தது. ஆனால் பதிவுகள் ஒவ்வொரு நாளும் தானாகவே அழிந்துபோகும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. சம்பவ நாளின் காட்சி கிடைக்கவில்லை.

அதாவது டிஸ்க் பழுதாகவில்லை, நிரம்பவும் இல்லை. சொன்னபடி வேலை செய்தது. சொன்னதுதான் ‘அழி’ என்பது. கேமரா சாட்சி சொல்ல முடியாத இடத்தில், அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் துணிந்து சொன்ன சாட்சியம் வழக்கில் முக்கியமானது. எல்லா நிலையத்திலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பிச் சட்டத்தை நடத்த முடியாது.

தரவு காணாமல் போவதற்குப் பல வழிகள் உண்டு. டிஸ்க் சாவது அதில் ஒன்றுதான். ரெய்டு அந்த ஒன்றைத்தான் தடுக்கும். மற்றதை என்ன செய்வது என்பதுதான் இதில் பெரிய கேள்வி. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

18 மாதம் என்றால் எத்தனை டெராபைட்?

சாத்தான்குளமோ, தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் அச்சன்புதூரோ, உத்தரவு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். நுழைவாயில், வெளியேறும் வழி, லாக்கப் அறைகள், நடைபாதை, வரவேற்பு, ஆய்வாளர் அறை, சார்பு ஆய்வாளர் அறை, கழிப்பறைக்கு வெளியே, நிலையத்தின் பின்பக்கம் என்று நீதிமன்றம் பெரிய பட்டியலே கொடுத்திருக்கிறது. ஒரு சிறிய ஊர் நிலையத்துக்கும் 16 கேமரா என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கேமரா சுமாரான தெளிவில் நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால்:

- ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட்
- 16 கேமராவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 346 ஜிகாபைட்
- ஓராண்டுக்குச் சுமார் 126 டெராபைட்
- 18 மாதங்களுக்குச் சுமார் 189 டெராபைட்

இந்தக் கணக்கில் 1 டெராபைட் டிஸ்க் மூன்று நாள்கூடத் தாங்காது. 20 டெராபைட் டிஸ்க் வாங்கினாலும் ஒன்று போதாது, பத்து வேண்டும். தெளிவைக் குறைத்தாலோ, அசைவு இருக்கும்போது மட்டும் பதியச் சொன்னாலோ எண்ணிக்கை இறங்கும். ஆனாலும் ஒற்றை டிஸ்க்கில் முடிகிற வேலை இது இல்லை.

பல டிஸ்க் என்று வந்ததும் இன்னொரு தலைவலி. சர்வரில் ஓடும் ஹார்டு டிஸ்க்குகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் பழுதாகின்றன என்பது, பல லட்சம் டிஸ்க்குகளை ஓட்டி அந்தக் கணக்கைத் தொடர்ந்து வெளியிடும் பேக்பிளேஸ் நிறுவனத்தின் அனுபவம். ஒரு டிஸ்க்குக்கு அது சின்ன ஆபத்து. 12 டிஸ்க் வைத்தால், ஓராண்டுக்குள் குறைந்தது ஒன்றாவது போவதற்கான வாய்ப்பு ஆறில் ஒன்று. 18 மாதத்துக்குப் பார்த்தால் நாலில் ஒன்று. பல நிலையங்கள் உள்ள ஒரு மாவட்டத்தில் எங்காவது ஒரு டிஸ்க் போய்க்கொண்டேதான் இருக்கும். ஏசி இல்லாத அறை, தூசி, அடிக்கடி போய் வரும் கரண்ட் எல்லாம் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ரெய்டு எப்படி வேலை செய்கிறது?

1980-களில் பெரிய கம்ப்யூட்டர்களுக்கான டிஸ்க் யானை விலை விற்றது. விலை குறைந்த சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்து அதே வேலையை வாங்கலாமே என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ரெய்டு என்ற பெயர் அங்கிருந்து வந்தது. சின்ன டிஸ்க் சீக்கிரம் கெடும். அதனால் கெட்டதை மீட்கும் வழியையும் உள்ளேயே வைக்க வேண்டும் என்பதுதான் அதன் மையக் கருத்து.

மீட்பது எப்படி? ஊர்க் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று தெருவுக்கு மூன்று நோட்டு. ஒன்றில் 12,000, அடுத்ததில் 9,000, மூன்றாவதில் 15,000 ரூபாய். நாலாவதாக ஒரு நோட்டில் மொத்தம் 36,000 என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது தெரு நோட்டு தொலைந்துவிட்டால் பிரச்சினை இல்லை. மொத்தத்தில் இருந்து மற்ற இரண்டையும் கழித்தால் 9,000 வந்துவிடும். ரெய்டில் அந்த மொத்த நோட்டின் வேலையைச் செய்வதற்குப் பெயர் ‘பாரிட்டி’. கூட்டல் கழித்தலுக்குப் பதில் பிட் அளவில் ஒரு கணக்கு நடக்கும், தத்துவம் இதுதான்.

ஒரே நேரத்தில் இரண்டு நோட்டு தொலைந்தால்? ஒரு மொத்தத்தை வைத்து இரண்டையும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு வேறு வகையில் போட்ட இரண்டாவது கணக்கு ஒன்று வேண்டும்.

எந்த ரெய்டு எதற்கு?

- ரெய்டு 0: தரவைத் துண்டு போட்டு எல்லா டிஸ்க்கிலும் பரப்பும். வேகம் உண்டு, இடம் வீணாகாது, பாதுகாப்பு பூஜ்யம். ஒரு டிஸ்க் போனால் மொத்தமும் போச்சு.
- ரெய்டு 1: இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு. பாதி இடம் போகும், ஆனால் எளிமையானது. வீட்டுக்கும் சின்ன கடைக்கும் இதுவே போதும்.
- ரெய்டு 5: ஒரு டிஸ்க் அளவு இடம் பாரிட்டிக்குப் போகும். ஒரு டிஸ்க் போனால் தாங்கும்.
- ரெய்டு 6: இரண்டு டிஸ்க் அளவு இடம் போகும். இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்.
- ரெய்டு 10: ஜோடி ஜோடியாக நகல் எடுத்து, ஜோடிகளுக்கு இடையே தரவைப் பரப்பும். வேகமானது; பாதி இடம் காலி.

மேலே போட்ட 189 டெராபைட் கணக்குக்கு ரெய்டு 6 பொருத்தம். 20 டெராபைட் டிஸ்க் 12 வாங்கினால் இரண்டு பாதுகாப்புக்குப் போக 200 டெராபைட் கையில் நிற்கும். பதின்மூன்றாவதாக ஒரு டிஸ்க்கை லாரியில் ஸ்டெப்னி மாட்டுவதுபோலச் சும்மா மாட்டி வைக்கலாம். எது பழுதானாலும் ஆள் வருவதற்கு முன்பே அது வேலையில் இறங்கிவிடும்.

தனி கார்டா, மென்பொருளா?

முன்பெல்லாம் ரெய்டு என்றால் அதற்கென்று ஒரு தனி கார்டு வாங்கி மாட்ட வேண்டும். கார்டு கெட்டால் பெரும்பாலும் அதே வகைக் கார்டைத் தேட வேண்டும். தென்காசியில் கிடைக்காமல், மதுரையில் கேட்டு, கடைசியில் சென்னையில் இருந்து வரவழைக்கும் வரை தரவு டிஸ்க்கிலேயே சிக்கியிருக்கும்.

மென்பொருள் ரெய்டில் அந்தச் சிக்கல் இல்லை. பாரிட்டிக் கணக்கை கம்ப்யூட்டரின் பிராசஸரே போட்டுவிடும். லினக்ஸில் இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. ‘எம்டிஅட்ம்’ என்ற இலவசக் கருவியால் அதை நிர்வகிக்கலாம். விண்டோஸில் ‘ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்’ இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்த ‘இசட்எஃப்எஸ்’ ஒருபடி மேலே போய், ஒவ்வொரு துண்டுத் தரவுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்து, டிஸ்க் சத்தமில்லாமல் தப்பான தரவைத் திருப்பிக் கொடுத்தாலும் கண்டுபிடிக்கும். லினக்ஸ் ரெய்டில் பெரிய நன்மை, மதர்போர்டு எரிந்துபோனாலும் டிஸ்க்குகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால் பொதுவாக அது அடையாளம் கண்டுகொள்ளும் என்பதுதான்.

செட் பண்ணும்போது எங்கே கோட்டை விடுகிறார்கள்?

கட்டளை தட்டுவது பத்து நிமிட வேலை. அதைச் சுற்றி இருக்கும் வேலைகளில்தான் தவறு நடக்கிறது. வரிசையாகப் பார்த்தால்:

1. டிஸ்க் தேர்வு. ‘எஸ்எம்ஆர்’ வகை டிஸ்க் விலை குறைவு. ஆனால் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்த ஓடுபோல தடங்களை அடுக்கி எழுதுவதால், ரெய்டை மீட்கும்போது திணறும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ‘ரெட்’ வரிசையில் சில டிஸ்க்குகள் இந்த வகை என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் விற்றது 2020-ல் பெரிய சர்ச்சையானது. வாங்கும்போது ‘சிஎம்ஆர்’ வகையா என்று கேட்டு வாங்க வேண்டும்.
2. சீரியல் எண். ஒவ்வொரு டிஸ்க்கின் எண்ணையும் ஸ்டிக்கரில் எழுதி, மாட்டும் இடத்தில் ஒட்ட வேண்டும். ரெய்டு 5-ல் ஒரு டிஸ்க் செத்த பிறகு, அவசரத்தில் நல்ல டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் அந்த நிமிடமே நின்றுவிடும். இது அடிக்கடி நடக்கும் தவறு.
3. புதிய ரெய்டு உருவாக்குதல். எந்தெந்த டிஸ்க் என்பதைக் கட்டளையில் சரியாகக் கொடுக்க வேண்டும். பழைய தரவு இருக்கும் டிஸ்க்கைத் தெரியாமல் சேர்த்தால் அதன் மேலேயே எழுதிவிடும்.
4. அமைப்பைச் சேமித்தல். ரெய்டு விவரத்தை கான்ஃபிக் ஃபைலில் எழுதி, கம்ப்யூட்டர் எழும்பும்போது அதைப் படிக்கும்படி செய்ய வேண்டும். இல்லையென்றால் ஒரு மின்வெட்டுக்குப் பிறகு டிஸ்க் ‘காணாமல்’ போனதுபோல இருக்கும்.
5. எச்சரிக்கை. டிஸ்க் பழுதானதும் மெயில் வரும்படி செய்ய வேண்டும். ரெய்டின் விசேஷமே, ஒரு டிஸ்க் செத்தாலும் வெளியே எந்த வித்தியாசமும் தெரியாமல் ஓடுவதுதான். ஆபத்தும் அதேதான். யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் ஓடி, இரண்டாவது டிஸ்க் சாகும்போதுதான் பலருக்கு முதல் டிஸ்க்கின் மரணச் செய்தி வருகிறது.
6. மாதாந்திரச் சோதனை. எல்லா டிஸ்க்கையும் முழுசாகப் படித்து, பாரிட்டி சரியா என்று பார்க்க வேண்டும். டெபியன் லினக்ஸ் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இதைத் தானாகச் செய்யும்.
7. ஒத்திகை. உண்மையான தரவை ஏற்றுவதற்கு முன்பே ஒரு டிஸ்க்கைக் கழற்றி, மீண்டும் கட்டிப் பார்க்க வேண்டும். தீயணைப்புத் துறை ஒத்திகை நடத்துவதுபோலத்தான் இதுவும்.

கரண்ட் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தரவை எழுதிவிட்டு பாரிட்டியை எழுதும் முன் மின்சாரம் போனால் இரண்டும் ஒத்துப்போகாது. யுபிஎஸ் இல்லாமல் ரெய்டு 5, ரெய்டு 6 வைப்பது பாதி வேலை.

மீட்புக் காலம்தான் கண்டம்

செத்த டிஸ்க்குக்குப் பதில் புதிதை மாட்டியதும் ரெய்டு அதில் பழைய தரவைக் கணக்குப் போட்டு நிரப்பும். 20 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் சுமார் 28 மணி நேரம் ஆகும். கேமரா பதிவும் அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் சில நாட்கள்கூட ஆகலாம்.

அந்த நேரம் முழுக்க மிச்ச டிஸ்க்குகள் ஓய்வில்லாமல் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில், ஒரே பெட்டியில் வாங்கியவை. வயதும் ஒன்று, பட்ட வெயிலும் ஒன்று. ரெய்டு 5-ல் அப்போது இன்னொன்று போனால் கதை முடிந்தது. பெரிய டிஸ்க்குகளுக்கு ரெய்டு 6 வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ரெய்டு இருந்தும் தரவு போகுமா?

போகும். மறுபடியும் வரி நோட்டுக்கு வாருங்கள். இரண்டாவது தெரு நோட்டு தொலைந்தால் மொத்த நோட்டு காப்பாற்றும். ஆனால் அந்த நோட்டில் ஒருவர் 9,000-ஐ அடித்துவிட்டு 0 என்று எழுதினால் என்ன ஆகும்? ரெய்டில் மொத்த நோட்டும் அந்த நொடியே 27,000 என்று மாறிவிடும். மாற்றியது திருடனா, கைதவறிய ஊழியரா, தானியங்கிச் செட்டிங்கா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. அழிப்பு உத்தரவை எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக நிறைவேற்றுவதும் ரெய்டின் வேலைதான். சாத்தான்குளத்தில் ஒரு டிஸ்க்குக்குப் பதில் 12 டிஸ்க் ரெய்டு 6 இருந்திருந்தாலும், அந்தச் செட்டிங்கில் காட்சி அழிந்துதான் போயிருக்கும்.

தீக்கும் ரெய்டு பதில் இல்லை. தென் கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று, இடம் மாற்றிக்கொண்டிருந்த லித்தியம் பேட்டரியில் தீப்பிடித்தது. 700-க்கும் மேற்பட்ட அரசு இணையச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ முற்றிலும் எரிந்தது. 858 டெராபைட் தரவு போனது. வெளியே நகல் ஏன் இல்லை என்ற கேள்விக்கு அதிகாரிகள் சொன்ன பதில்: அளவு மிகப் பெரியது, பேக்கப் எடுக்கும் அமைப்பு இல்லை. தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் இருக்கும் நாடு அது.

பக்கத்து நாடான இலங்கையில் 2023 ஆகஸ்டில் அரசின் கிளவுட் சேவையில் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. சர்வர் சில மணி நேரத்தில் திரும்பவும் எழுந்தது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குத் தனி நகல் இல்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகளின் மூன்று மாதத்துக்கும் மேலான தரவு காணாமல் போனது.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு உதாரணம் டெல்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23 அன்று அங்கும் ரான்சம்வேர் தாக்கியது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. ஓபி சீட்டு முதல் லேப் ரிப்போர்ட் வரை பல நாட்கள் கையால் எழுதினார்கள். ஆனாலும் தாக்குதலில் சிக்காத தனி பேக்கப் சர்வர் ஒன்று இருந்ததால் நோயாளிகளின் தரவை மீட்க முடிந்தது.

இந்த மூன்று சம்பவத்திலும் முடிவை மாற்றியது டிஸ்க் எத்தனை என்பதல்ல. அசலைத் தொட்டவரின் கை எட்டாத இடத்தில் இன்னொரு நகல் இருந்ததா என்பதுதான்.

காவல் நிலையத்துக்கு இது எப்படிப் பொருந்தும்?

அங்கே சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். மருத்துவமனையில் தரவு போனால் அங்கே வேலை செய்பவர்களுக்கே நஷ்டம், அதனால் பாதுகாப்பார்கள். காவல் நிலையத்தில் சில நாட்களின் பதிவு, அந்தப் பெட்டியின் சாவியை வைத்திருப்பவருக்கே எதிரான சாட்சியாக இருக்கலாம். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி கேமரா பராமரிப்பு, பதிவு, பேக்கப் எல்லாமே நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. மேற்பார்வைக்கு மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் இடம்பெறும் மாவட்டக் குழு உண்டு. பழுதானால் நிலைய அதிகாரி உடனே அந்தக் குழுவுக்குச் சொல்ல வேண்டும்.

அவர் சொன்னால்தானே தெரியும்? இங்கேதான் ரெய்டு செட்டிங்கில் வரும் ஒரு சின்ன வரி முக்கியமாகிறது. டிஸ்க் பழுது, பதிவு நின்றது, தானியங்கி அழிப்பின் நாள் எண்ணிக்கை மாறியது ஆகிய மூன்று எச்சரிக்கையும் நிலையத்துக்கு மட்டும் போகாமல் நேரடியாக மாவட்டக் குழுவுக்கும் போகும்படி வைக்கலாம். இதற்குப் புதிய டிஸ்க் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. ஒரு மெயில் முகவரி கூடுதலாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். செட்டிங்கை மாற்றும் பாஸ்வேர்டு நிலையத்திலேயே இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாவது நகலுக்கு என்ன வழி? மேலே போட்ட கணக்கில் 16 கேமராவும் சேர்ந்து நொடிக்கு 32 மெகாபிட்தான். ஒரு வீட்டு ஃபைபர் இணைப்பே அதைத் தாங்கும். ஆனால் 30 நிலையங்கள் உள்ள ஒரு மாவட்டம் முழுக்க அனுப்பினால், மாவட்ட மையத்தில் 18 மாதத்துக்கு 5,700 டெராபைட் இடம் வேண்டும். அது நிஜமாகவே பெரிய செலவு. கொரிய அதிகாரிகள் சொன்ன அதே ‘அளவு பெரிசு’ காரணம் இங்கேயும் வரும்.

இடைவழிகள் இருக்கின்றன. லாக்கப், நடைபாதை கேமராக்களை மட்டும் முழுத் தெளிவில் வெளியே அனுப்பலாம். மற்றவற்றை நாலில் ஒரு பங்கு தெளிவில் அனுப்பினால் இடமும் நாலில் ஒரு பங்காகும். புகார் வந்த உடனே அந்த நாட்களின் பதிவைத் தனியாகப் பிரித்தெடுத்து, மாற்றினால் காட்டிக்கொடுக்கும் ‘ஹேஷ்’ எண்ணோடு வேறிடத்தில் வைக்கலாம். உரிமை மீறல் நடந்தால் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லிக் கேட்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்பதை நிலைய வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. இது பலருக்கும் தெரிவதில்லை. டிஸ்க் நிரம்பினால் பழையது அழியும் என்பதால், அந்தக் கோரிக்கையை எவ்வளவு சீக்கிரம் எழுத்தில் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

உங்கள் கடைக்கும் வீட்டுக்கும்?

அச்சன்புதூரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ, வீட்டிலிருந்து ஐடி வேலை பார்ப்பவர், வளைகுடாவில் இருக்கும் சொந்தங்களின் போட்டோவைச் சேர்த்து வைத்திருக்கும் குடும்பம் என யாருக்கும் இதே தர்க்கம்தான்.

- இரண்டு டிஸ்க் வாங்க மட்டும் காசு இருந்தால், ரெய்டு போட வேண்டாம். ஒன்றில் வேலை, இன்னொன்றில் வாராந்திர நகல். நகல் எடுத்ததும் கழற்றி வேறு வீட்டில் வையுங்கள்.
- மூன்று வாங்க முடிந்தால், இரண்டில் ரெய்டு 1, மூன்றாவது வெளியே நகல்.
- எடிட்டிங் நடுவே வேலை நிற்கக் கூடாது என்பவர்களுக்குத்தான் ரெய்டு லாபம். வேலை ஒரு நாள் நின்றால் பரவாயில்லை என்றால் நல்ல பேக்கப்பே போதும்.
- நகல் இருக்கிறது என்று நம்பாதீர்கள். மாதம் ஒரு முறை அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக

ரெய்டு என்பது ‘ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது’ என்ற உறுதிமொழி மட்டுமே. ‘எதுவும் அழியாது’ என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. காவல் நிலையங்களுக்கு எத்தனை கேமரா வாங்கினோம், எத்தனை டெராபைட் வாங்கினோம் என்று அரசுகள் நீதிமன்றத்தில் கணக்குக் கொடுக்கலாம். அதோடு இன்னும் மூன்று கேள்விக்கும் பதில் வர வேண்டும்: பதிவு எத்தனை நாளில் அழியும்படி செட் செய்யப்பட்டிருக்கிறது, அதை மாற்றும் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது, நிலையத்துக்கு வெளியே நகல் எங்கே இருக்கிறது. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் இந்தக் கேள்விகளைக் கேட்கும் பொறுப்பில் யாரும் இல்லை. அங்கே கெட்டுப்போகாத ஒரே பொருள் அந்த ஹார்டு டிஸ்க்தான்.